வீடியோ விளையாட்டுப் பெட்டியின் தேய்வு

பெங்களூர் அடுகோடியில் நாம் குடியிருக்கும் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் உண்டு. தருமபுரிப் பக்கத்திலிருந்து இளமையிலேயே இங்கு வந்து, ஊசியும் நூலுமாக உழைத்துக் குடும்பத்தை நிலைநிறுத்தியவர். தம் மகன் பி.யு.சி. தேர்வில் முதல் வகுப்பில் தேறினால் ஒரு பிளேஸ்டேஷன் வாங்கித் தருவதாக அவர் வாக்களித்திருந்தார். மகன் தேறிவிட்டான். வாக்கை நிறைவேற்ற வேண்டிய வேளை வந்தபோது அவருக்கு ஐயம் பிறந்தது. ஒரு மாலை நம்மை நிறுத்திக் கேட்டார்: “சார், அரை லட்சத்துக்கு மேல் சொல்லுகிறார்கள். அந்தத் தொழிலே படுத்துக்கொண்டு வருகிறது என்று பையனுடைய கூட்டாளி சொல்லுகிறான். நாளைக்கு அது வெறும் தகரப் பெட்டியாகப் போய்விட்டால் நான் என்ன செய்வது?”

கேள்வி எளிது, விடை அவ்வளவு எளிதன்று. வெளி மாநிலங்களில் பிழைப்புத் தேடி வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இதே கேள்வி எழுந்திருக்கக் கூடும். ஆதலால், கன்சோல் என்று கடைக்காரர்கள் சொல்லும் இந்த வீடியோ விளையாட்டுப் பெட்டியின் தொழில் உண்மையிலேயே தேய்கின்றதா, தேய்கின்றதாயின் அதில் தேய்வது எது என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் இத்தொழிலின் பிறப்பைச் சற்றே நோக்குவோம். வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் முதற் பெட்டி 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மாக்னவாக்ஸ் ஒடிசி என்பது அதன் பெயர். அதனை உருவாக்கியவர் ரால்ப் பேர் என்ற பொறியியலறிஞர். 1977-இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட பெட்டி அமெரிக்க இல்லங்கள் பலவற்றில் இடம் பிடித்தது. ஆனால் வளர்ந்த வேகத்திலேயே வீழ்ச்சியும் வந்தது. தரமற்ற ஆட்டங்கள் கடைகளில் மலைபோற் குவிந்தன. வாங்குவோர் சலித்துப் போயினர். 1983-இல் ஏறத்தாழ 320 கோடி டாலராக இருந்த அமெரிக்க வணிகம் 1985-இல் 10 கோடி டாலருக்குச் சுருங்கிற்று என்று கணக்கிடுவர். விற்காத சரக்கை அட்டாரி நிறுவனத்தார் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமோகோர்டோ என்ற ஊரில் குப்பை மேட்டில் புதைத்தனர். 2014-இல் அந்த இடத்தைத் தோண்டி, புதையுண்ட கேசட்டுகளை வெளியே எடுத்தனர்.

அன்று இத்தொழில் முடிந்ததென்றே பலரும் எண்ணினர். அதனை மீட்டெடுத்தது ஜப்பான். 1889-இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கிய நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் தன் பெட்டியை ஜப்பானில் வெளியிட்டு, 1985-இல் அமெரிக்காவுக்கும் கொண்டு சென்றது. 1994-இல் சோனியின் பிளேஸ்டேஷன் வந்தது. 2001-இல் மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் வந்தது. அதே 2001-இல், போட்டிக்கு ஆற்றாது, சேகா நிறுவனம் பெட்டி செய்யும் தொழிலையே கைவிட்டது. ஆகவே இத்தொழிலில் ஒருவர் விழுவதும் மற்றொருவர் எழுவதும் புதியன அல்ல. தேய்வு என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே முடிவு நெருங்கிவிட்டது என்று கொள்ளுதல் தவறாகும்.

அங்ஙனமாயின் இன்றைய தேய்வு எத்தகையது? அதனை உணர, இவ்வணிகத்தின் உள்ளமைப்பை அறிதல் வேண்டும்.

நம் நாட்டுப்புறங்களில் வாரச் சந்தையைக் குத்தகைக்கு எடுப்போர் உண்டு. சந்தைக்குள் வருவதற்கு எவரிடமும் அவர்கள் பணம் கேட்பதில்லை. உள்ளே கடை விரிப்போரிடம் சுங்கம் வாங்குகின்றனர். கூட்டம் பெருகப் பெருகக் கடை பெருகும். கடை பெருகப் பெருகச் சுங்கம் பெருகும். விளையாட்டுப் பெட்டியும் அத்தகைய சந்தையே. பெட்டியை அடக்க விலைக்கோ, சில வேளை அதற்கும் குறைத்தோ விற்பர். பின்னர் அப்பெட்டிக்காகப் பிறர் செய்து விற்கும் ஒவ்வோர் ஆட்டத்திலும் நூற்றுக்கு 30 அளவில் பங்கு பெறுவர். பெட்டி பல இல்லங்களில் பரவினால்தான் இந்தக் கணக்குச் செல்லும். அதற்கு ஏற்ப, ஆண்டுகள் செல்லச் செல்லப் பெட்டியின் விலை குறைந்துகொண்டே வரும். 2000-இல் அமெரிக்காவில் 299 டாலருக்கு விற்ற பிளேஸ்டேஷன் 2, 2009-இல் 99 டாலருக்கு இறங்கிற்று. ஏழை இல்லங்களும் வாங்கின. 16 கோடி பெட்டிகள் விற்றன.

இன்று இந்தக் கணக்குத் தலைகீழாகிவிட்டது. 2020 நவம்பரில் 499 டாலருக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், 2025 மே மாதத்தில் 599 டாலராகவும், அதே ஆண்டு அக்டோபரில் 649 டாலராகவும் ஏறிற்று. பிளேஸ்டேஷன் 5-இன் விலையும் அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் 50 டாலர் ஏறியது. நம் நாட்டிலோ 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்த பிளேஸ்டேஷன் 5, 2022-ஆம் ஆண்டின் இறுதியிலேயே 54,990 ரூபாயாயிற்று. பழைய பொருளுக்குப் புதிய பொருளினும் மிகுந்த விலை என்பது இத்தொழிலில் முன்பு காணாத ஒன்று. முன்னாட்களில் மின்னணுச் சில்லுகள் ஆண்டுக்கு ஆண்டு மலிந்தன. இப்பொழுது அவை அவ்வாறு மலிவதில்லை. 2025-இல் அமெரிக்கா விதித்த இறக்குமதித் தீர்வைகளும், நினைவகச் சில்லுகளின் விலையேற்றமும் சேர்ந்துகொண்டன.

ஆட்டம் செய்யும் செலவும் கட்டுக்கடங்காமற் போயிற்று. பத்துப் பதினைந்து பேர் கூடி ஓராண்டில் ஓர் ஆட்டம் செய்த காலம் ஒன்று இருந்தது. இன்று பேராட்டம் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கானோர் ஐந்தாறு ஆண்டுகள் உழைக்கின்றனர். 2023-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கின் ஆவணங்களால், ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ என்னும் ஆட்டத்தின் இரண்டாம் பாகத்துக்கு ஏறத்தாழ 22 கோடி டாலர் செலவாயிற்று என்பது வெளியாயிற்று. இத்தனை முதலைப் போட்டு ஆட்டம் தோற்றுவிட்டால் மீள்வது அரிது. சோனியின் ‘கன்கார்ட்’ என்ற ஆட்டம் 2024 ஆகஸ்டு 23-இல் வெளியாயிற்று. வாங்குவோரின்றிச் செப்டம்பர் 6-இல் நிறுத்தப்பட்டது. பதினான்கே நாள் வாழ்வு! இவ்விடர்களுக்கிடையே நிறுவனங்கள் ஆட்குறைப்பில் இறங்கின. 2024 ஜனவரியில் மைக்ரோசாப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரையும், பிப்ரவரியில் சோனி ஏறத்தாழ 900 பேரையும் வேலையினின்று நீக்கின.

மூவருள் மைக்ரோசாப்டின் நிலையே மிகவும் மாறியிருக்கிறது. அதன் பெட்டி விற்பனை வருமானம் 2024-இன் முதற் காலாண்டில் முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 31-உம், அடுத்த காலாண்டில் நூற்றுக்கு 42-உம், 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரையில் நூற்றுக்கு 29-உம் குறைந்தது. தன் பெட்டிக்கு மட்டுமே உரியன என்று காத்துவந்த ஆட்டங்களை 2024 முதல் அந்நிறுவனம் போட்டியாளரான சோனியின் பெட்டியிலும் விற்கத் தொடங்கிவிட்டது. தன் சந்தையில் மட்டுமே கிடைத்த சரக்கை அடுத்த ஊர்ச் சந்தைக்கும் அனுப்புகின்ற குத்தகைக்காரரின் நிலை அது.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. நின்டெண்டோவின் சுவிட்ச் 15 கோடிக்கு மேல் விற்றது. 2025 ஜூன் மாதத்தில் வந்த சுவிட்ச் 2 முதல் நான்கு நாட்களில் மட்டும் 35 இலட்சம் விற்றது. பிளேஸ்டேஷன் 5-உம் 2025-க்குள் 8 கோடியைத் தாண்டிற்று. ஆகவே தொழில் செத்துவிட்டது என்பது மிகை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2000-இல் வந்த ஒரு பெட்டி 16 கோடி விற்றது. அதன்பின் சோனி வெளியிட்ட எந்தப் பெட்டியும் அந்த அளவை எட்டவில்லை. இதற்குள் உலகில் விளையாடுவோர் தொகையோ பன்மடங்கு பெருகிவிட்டது. பெருகியவர் அனைவரும் எங்கே சென்றனர்? கைப்பேசிக்குச் சென்றனர். உலக வீடியோ விளையாட்டு வருமானத்தில் ஏறத்தாழப் பாதி இன்று கைப்பேசி வழியே வருகின்றது.

இதனை விளக்க நம் நாட்டைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. 1990-களில் நம் இல்லங்களுக்கு வந்தவற்றுட் பெரும்பாலானவை நின்டெண்டோ பெட்டியைப் பார்த்துச் செய்த மலிவான நகல்களே. சென்னையில் பர்மா பஜாரிலும், பெங்களூரில் மெஜஸ்டிக் அருகேயுள்ள நேஷனல் மார்க்கெட்டிலும் அவற்றைப் பேரம் பேசி வாங்கியோர் இன்று நாற்பதைக் கடந்தவர்கள். கேசட் ஓடாவிட்டால் அதனை எடுத்து வாயால் ஊதி மீண்டும் செருகுவது அந்நாளைய வைத்தியம். நாமும் ஊதியவர்களே. ‘99 ஆட்டங்கள்’ என்று மேலே அச்சிட்டிருக்கும். திறந்து பார்த்தால் பத்து ஆட்டங்களே பெயர் மாறி மாறி வரும். ஆயினும் ஒரு கேசட் தெரு முழுவதும் சுற்றி வந்தது. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கேசட் போதுமாயிருந்தது.

பின்னர் வந்த பெட்டிகள் நம் நாட்டின் நடுத்தர இல்லங்களில் வேரூன்றவில்லை. பெட்டியின் விலையும், ஆட்டம் ஒன்றுக்கே ஆயிரக்கணக்கில் ஆகும் செலவும், வீட்டில் ஒரே தொலைக்காட்சி இருந்ததும் காரணங்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்தபோது நம் இளைஞர்கள் பெட்டியை வாங்காமலே கைப்பேசிக்குத் தாவிவிட்டனர். மேனாடுகள் படிப்படியாகச் சென்ற இடத்துக்கு நாம் ஒரே தாவலில் சென்றோம் எனலாம். இங்கே பெற்றோர்க்கு ஒரு விளக்கமும் தேவை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களையே தடை செய்கின்றது. விளையாட்டுப் பெட்டிகளுக்கு அதில் தடை இல்லை.

இப்பொழுது பெங்களூருக்கு வருவோம். பெட்டி இங்கே மிகுதியாக விற்காவிடினும், பெட்டிக்கு வேண்டிய உழைப்பு இங்கே மிகுதியாக நடந்தது. 1997-இல் இந்நகரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் நம் நாட்டின் முதல் விளையாட்டு ஆக்க நிறுவனங்களுள் ஒன்று. 2019-இல் ராக்ஸ்டார் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. மேனாட்டு ஆட்டங்களில் ஓடும் கார், நிற்கும் மரம், வீரன் அணியும் கவசம் எனப் பலவற்றை வரைந்து தரும் வேலை இந்நகரத்து இளைஞர்களுக்குக் கிடைத்தது. அவர்களுள் நம்மவரும் பலர். ஆகவே அங்கே தேய்வு வந்தால் இங்கே சம்பளம் நிற்கும். திரைப்படங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் படவேலை செய்துவந்த டெக்னிகலர் குழுமம் 2025 பிப்ரவரியில் முறிந்தபோது பெங்களூரில் பெருந்தொகையினர் ஒரே நாளில் வேலையிழந்து நின்றதை இந்நகரம் கண்டது.

தொழில் ஒன்று தன் உடலை விட்டு வேறுருக் கொள்வது அடுகோடிக்குப் புதிதன்று. 1951-இல் தொடங்கப்பெற்ற மைக்கோ நிறுவனத்தின் ஆலை இங்கேதான் ஓங்கி நின்றது. ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்து நாடெங்கும் அனுப்பிய ஆலை அது. அதன் சங்கொலியைக் கேட்டே இப்பகுதியில் உலை வைத்த காலம் உண்டென்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2008-இல் அந்நிறுவனம் பாஷ் எனப் பெயர் மாறிற்று. உற்பத்தி பிடதிக்குச் சென்றது. 2022 ஜூன் 30-இல் அதே இடத்தில், 76 ஏக்கர் பரப்பில், புதிய வளாகத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். இரும்பைக் கடைந்த இடத்தில் இன்று கணிப்பொறி முன் அமர்ந்து வேலை செய்கின்றனர். நிறுவனம் வாழ்கின்றது, ஆனால் கடைசல் எந்திரத்தின் முன் நின்றவரின் மகன் அதே வாயிலுள் நுழைய வேண்டுமாயின் வேறொரு கல்வி பெற்றாக வேண்டும். விளையாட்டுத் தொழிலும் அவ்வாறே. ஆட்டம் வாழ்கின்றது, பெட்டி தேய்கின்றது. பெட்டியோடு கூட மற்றொன்றும் தேய்கின்றது. நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டுவது அதுவே.

அது, வாங்கியவனுடைய உரிமை. கேசட்டையும் வட்டத்தகட்டையும் வாங்கியவன் அதனைக் கூட்டாளிக்கு இரவல் கொடுக்கலாம். பாதி விலைக்கு விற்கலாம். பரணில் வைத்திருந்து பேரனுக்குக் காட்டலாம். இன்று ஆட்டங்களிற் பெரும்பாலானவை இணையத்தின் வழியே நேரே பெட்டிக்குள் இறங்குகின்றன. தகடு செருகும் வாயே இல்லாத பெட்டிகளும் வந்துவிட்டன. சுவிட்ச் 2-க்கு விற்கும் அட்டைகள் சிலவற்றில் ஆட்டம் இருப்பதில்லை. ஆட்டத்தை இறக்கிக்கொள்ளும் திறவுகோல் மட்டுமே இருக்கின்றது. மாதச் சந்தா கட்டி ஆடும் முறையும் பரவிவிட்டது. சந்தா நின்றால் ஆட்டமும் நிற்கும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல் உறுத்துகின்றது. பொத்தானில் ‘வாங்கு’ என்று எழுதியிருக்கின்றது. ஒப்பந்தத்திலோ ‘பயன்படுத்தும் அனுமதி’ என்றுதான் எழுதியிருக்கின்றது. முன்னது உடைமை, பின்னது இசைவு. இசைவைக் கொடுத்தவர் திரும்பப் பெறலாம். ‘தி க்ரூ’ என்னும் கார்ப் பந்தய ஆட்டத்தை 2014 முதல் விற்ற யூபிசாப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-இல் அதன் இணைய நிலையத்தை மூடிற்று. அன்று முதல் தகட்டைக் கையில் வைத்திருந்தவர்களாலும் அதனை ஆட இயலவில்லை. இதனை எதிர்த்து எழுந்த இயக்கத்துக்கு 2025 ஜூலை மாதத்தில் ஐரோப்பாவில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். விற்பது அனுமதி மட்டுமே என்றால் அதனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களுள் நூற்றுக்கு 87 இன்று கடையில் எவ்வகையிலும் கிடைப்பதில்லை என்று 2023-இல் வெளிவந்த ஆய்வொன்று கூறிற்று.

விளையாட்டுத்தானே, போனால் போகட்டும் என்று சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு ஓர் ஆட்டத்தை நினைவூட்டுவோம். ‘வெண்பா’ என்பது அதன் பெயர். கனடாவில் டொரண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழுவினர் ஆக்கியது. 2023 ஜூலை 31-இல் எல்லாப் பெட்டிகளிலும் வெளியாயிற்று. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை அது. வெண்பா என்னும் பெண் தன் தாய் தந்த சமையற் குறிப்பேட்டை உடன் கொண்டு செல்கிறாள். பயணத்தில் அது சிதைந்து, எழுத்துகள் சில அழிந்து போகின்றன. அழிந்த குறிப்பை ஊகித்து இட்டிலி அவிப்பதும் புட்டுச் சமைப்பதுமே ஆட்டம். இடையே மகன் தாய்மொழியை விட்டு விலகுவதும், பின்னொரு நாள் திரும்பி நோக்குவதும் கதையாக விரிகின்றன. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா குழுவினர் முதற் படைப்புக்குரிய விருதை இதற்கு வழங்கினர். பிறமொழி நடுவே பிள்ளை வளர்க்கும் எந்தத் தமிழ்த் தாயும் இதனைத் தன் கதையென்றே கொள்வாள். இத்தகைய ஆக்கங்களும் அந்தப் பெட்டிகளின் வழியேதான் உலகை அடைந்தன. அந்த வழி அடைபடுமாயின் இழப்பு குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று.

இனித் தையற்காரருக்கு நாம் சொன்ன விடையைக் கூறி முடிப்போம். பெட்டி நாளைக்கே தகரமாகிவிடாது. வாங்கினால் சில ஆண்டுகள் மகன் நன்றாக ஆடுவான். ஆனால் கடன்பட்டு வாங்க வேண்டா. தகடு செருகும் வாயுள்ளதாகப் பார்த்து வாங்குக. கைமாறிய பெட்டியானாலும் குற்றமில்லை. தகடுகளைக் கூட்டாளிகளோடு மாற்றிக்கொண்டால் செலவு பாதியாகும். இணையத்தில் இறக்கும் ஆட்டத்துக்குக் கொடுக்கும் பணத்தை வாடகை என்று கொள்க. சொத்து என்று கொள்ளற்க. மகன் இத்தொழிலிலேயே வேலை பார்க்க விரும்பினால், ஒரு பெட்டியையோ ஒரு நிறுவனத்தையோ நம்பிப் படிக்க வேண்டா. வரைதலையும் கணிதத்தையும் கணிப்பொறி மொழியையும் கசடறக் கற்கட்டும். அவை எந்தப் பெட்டி போனாலும் உடன் வருவன.

யாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சற்றுநேரம் துணியை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்படியானால் அந்தச் சமையல் ஆட்டம் இருக்கிறதே, அதையும் சேர்த்து வாங்கிவிடுகிறேன், சார். பையனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டத்தான் தெரியாது” என்றார். அந்த ஆட்டமும் இணையத்தில் இறக்கும் அனுமதியாகவே வரக்கூடும் என்பதை அவருக்குச் சொன்னோம். “இருக்கட்டும், சார். போவதற்குள் பார்த்துவிடுவோம்” என்று சொல்லி அவர் தையல் எந்திரத்தின் பக்கம் திரும்பினார்.